ஆறு மணி நேரம் படித்தும் ஏன் மனதில் நிற்கவில்லை?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, கணக்கில் 94 வாங்கி, 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் இசிஇ சேர்ந்திருக்கிறீர்கள். விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள். முதல் செமஸ்டரில் கணக்கிலும் இயற்பியலிலும் அரியர் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி வரை படிக்கிறீர்கள். வாலிபால் ஆடுவதை நிறுத்திவிட்டீர்கள். சனி, ஞாயிறு கேட்டரிங் வேலையையும் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். பக்கத்துக் கட்டில் நண்பரோ பத்தரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறார், எல்லாப் பாடத்திலும் பாஸ். ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்?’ என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்பது மணிக்கணக்கு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ‘இவ்வளவு உட்கார்ந்தும் எதுவும் நிற்கவில்லையே, என்னிடம்தான் ஏதோ குறையா?’ என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. குறை உங்களிடம் இல்லை. படிக்கும் முறையில் இருக்கிறது, அதை மாற்ற முடியும்.

நான் 24 வருடமாக முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்கு நடத்துகிறேன். உங்களைப் போலவே தமிழ் வழியில் படித்து வந்தவன். உளவியல் படித்தவன் இல்லை. நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளை என் வகுப்புக்காகத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் எது ஆய்வில் நன்றாக உறுதியானது, எது என் வகுப்பறையில் பார்த்தது, எது இன்னும் சந்தேகத்தில் இருப்பது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில், பிளஸ் டூவில் 94 வாங்கியவர் ஏன் ஆறே மாதத்தில் அரியர் வைக்கிறார்? ‘பள்ளியில் மனப்பாடம் செய்தான், இங்கே புரிந்து படிக்க வேண்டும், அதனால் விழுந்தான்’ என்று எல்லாரும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். உங்கள் பள்ளி நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திங்கட்கிழமை நடத்தியதற்குப் புதன்கிழமை ஸ்லிப் டெஸ்ட். பிறகு யூனிட் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு. அது முடிந்ததும் முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல், மூன்றாம் திருப்புதல். ஒரே பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்து எழுத வேண்டிய கட்டாயம் ஒரு வருடத்தில் ஏழெட்டு முறை வந்தது. அந்த முறைகளுக்கு நடுவே நாட்களும் வாரங்களும் இடைவெளி இருந்தது. நினைவில் நிற்பதற்கு இந்த இரண்டும்தான் முக்கியம். உங்களுக்குத் தெரியாமலே பள்ளி அதை உங்களுக்காகச் செய்துகொண்டிருந்தது. கல்லூரிக்கு வந்ததும் ஸ்லிப் டெஸ்ட் போய்விட்டது, திருப்புதலும் போய்விட்டது. இரண்டு மூன்று இன்டர்னல், அப்புறம் நேராகச் செமஸ்டர் தேர்வு. மீதியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. உங்கள் நண்பர் எப்படிப் பாஸ் செய்கிறார் என்று நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் நோட்டைப் பாருங்கள், அதில் தனக்குத்தானே போட்டுப் பார்த்த கணக்குகள் நிறைய இருக்கும் என்று எண்ணுகிறேன்.

நீங்கள் இப்போது எழுதியிருக்கும் முறை இது: நோட்டை எடுத்து, போட்டு முடித்த கணக்கை வரி வரியாகப் படித்து, முக்கியமான இடத்தில் மஞ்சள் கோடு போட்டு, மறுபடியும் முதலிலிருந்து படிப்பது. அணிகள் பாடத்தில் வரும் கேலி-ஹாமில்டன் தேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கு மூன்று அணி ஒன்று. சிறப்பியல்புச் சமன்பாடு எழுதியிருக்கிறது, அடுத்த வரியில் அதற்குள் அணியையே போட்டிருக்கிறது, அதற்கடுத்து நேர்மாறு அணி வந்துவிட்டது. படிக்கும்போது ஒவ்வொரு வரியும் ‘ஆமாம், சரிதான்’ என்று தோன்றும். மூன்றாவது தடவை படிக்கும்போது அடுத்த வரி என்னவென்று கண் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். இதைத்தான் நாம் ‘தெரிந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்கிறோம். பார்த்த முகம் என்று அடையாளம் தெரிவது வேறு, அந்த முகத்தைத் தாளில் வரைவது வேறு. தேர்வில் வெள்ளைத்தாள்தான் கொடுப்பார்கள்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு வேளையும் படிக்கும் வேலைதான். அவர்கள் அந்தப் பத்தியைச் சராசரியாக 14 தடவை படித்து முடித்தார்கள். இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் படித்தது. மீதி மூன்று வேளையும் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. அவர்கள் படித்தது மூன்று நான்கு தடவைக்கு மேல் இல்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழானது. படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எனக்கு இதில் மனதில் நின்றது இன்னொரு விஷயம். ‘ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?’ என்று முதல் நாளே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் படித்துக்கொண்டே இருந்த குழுவினர்தான். ராத்திரி இரண்டு மணிக்கு நோட்டை மூடும்போது உங்களுக்கு வரும் திருப்தி இருக்கிறதே, அதுவும் இதே வகை. நிறைய ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2013இல் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடை போட்டார்கள். தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. மறுபடி படிப்பதும் கோடு போடுவதும் பயன் குறைந்தவை என்ற வரிசைக்குப் போயின.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்தச் சோதனை உரைநடைப் பத்தியில் நடந்தது, கணக்கில் இல்லை. கணக்கில் புதிய பகுதி ஒன்றைத் தொடங்கும்போது எடுத்தவுடன் வெள்ளைத்தாளோடு மல்லுக்கட்டச் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் போட்டு முடித்த கணக்கைக் கவனமாகப் பார்ப்பது நல்லது என்பதற்கும் தனியாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆகவே முதல் கணக்கை நோட்டில் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ‘இது ஏன் வந்தது?’ என்று கேளுங்கள். பிறகு நோட்டை மூடிவிட்டு அதே கணக்கைப் போடுங்கள். எங்கே நின்றுவிட்டீர்களோ அங்கே ஒரு புள்ளி வைத்து, அந்த வரியை மட்டும் திறந்து பார்த்து, மறுபடி மூடுங்கள். அதன்பிறகு எண்களை மாற்றிய வேறொரு கணக்கு. என் மாணவர்களிடம் இதைச் செய்யச் சொன்னால் முதல் வாரம் எல்லாருமே சலித்துக்கொள்வார்கள். ‘சார், நாலு கணக்கு படிக்கிற நேரத்தில் ஒன்றுதான் போட முடிகிறது’ என்பார்கள். ஆமாம், மெதுவாகத்தான் போகும். தடுமாறுவதும் பாதியில் நிற்பதும் நீங்கள் சரியான வேலையைச் செய்கிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

கணக்குக்கு இன்னொன்றும் உண்டு. பாடத்தில் பகுதித் தொகையிடல் நடத்தினால் அடுத்த பத்துக் கணக்கும் பகுதித் தொகையிடலாகவே இருக்கும். பிரதியிடல் நடத்தினால் பத்தும் பிரதியிடல். அப்படிப் போடும்போது எந்த முறை என்று யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிவிடும். தேர்வில் தலைப்பு இருக்காது. ‘எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸ்’ என்பதற்குப் பகுதித் தொகையிடல் வேண்டும். ‘எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர்’ என்பது பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் பிரதியிடலில் இரண்டே வரியில் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கண் பிடிக்க வேண்டுமானால் வகைகளைக் கலந்து போட வேண்டும். நான் சொல்லும் வழி எளிது. பழைய கேள்வித்தாள்களிலிருந்து தொகையிடல் கணக்குகளைத் துண்டுத் துண்டுத் தாளில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். தினம் மூன்றை எடுங்கள். போடக்கூட வேண்டாம், ‘எந்த முறை, ஏன்?’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போது முடிந்துவிடும் வேலை இது.

அடுத்தது இடைவெளி. 1885இல் ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது. 2015இல் நெதர்லாந்தில் இருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள், ஏறக்குறைய அதே வடிவம்தான் வந்தது. அர்த்தமுள்ள பாடம் அவ்வளவு வேகமாக மறக்காது என்றாலும் போக்கு அதுதான். இதை வைத்து உங்களுக்குச் சொல்வது: வகுப்பு நடந்த அன்று மாலையே பதினைந்து நிமிடம் ஒதுக்கி, நோட்டைத் திறக்காமல், இன்று என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன்பின் திறந்து, விட்டதைச் சேருங்கள். மறுநாள் அதையே ஐந்து நிமிடம். நான்கைந்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. ‘ஒன்று, மூன்று, ஏழு நாள்’ என்று சிலர் சூத்திரம் போல எழுதுவார்கள். அந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை. தேர்வு தள்ளி இருந்தால் இடைவெளியும் பெரிதாக இருக்கலாம் என்ற அளவுக்குத்தான் ஆய்வு சொல்கிறது. கொஞ்சம் மறந்த பிறகு நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், அதுதான் விஷயம்.

இயற்பியல் போன்ற பாடத்துக்கு இதே முறையை வேறு மாதிரி செய்யலாம். உங்கள் கேள்வித்தாளில் இரண்டு மார்க் பத்து, பதின்மூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. டார்ஷன் பெண்டுலம், அதாவது கம்பியில் தொங்கி முறுக்கி ஆடும் ஊசல், என்ற பதின்மூன்று மார்க் கேள்வியை எடுத்தால், நான்கு பக்கத்தையும் மனப்பாடம் செய்யாதீர்கள். படம், எந்தத் திருப்புவிசையும் எந்தத் திருப்புவிசையும் சமன் ஆகிறது, அதிலிருந்து வரும் சமன்பாடு, அலைவு நேரம், அதை வைத்து எதைக் கண்டுபிடிக்கிறோம் என்ற இந்த எலும்புக்கூட்டை மட்டும் ஒரு பக்கத்தில் பார்க்காமல் எழுதப் பழகுங்கள். அப்புறம் அதை உங்கள் நண்பருக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். கேட்பதற்கு யாரும் இல்லையென்றால் சுவருக்குச் சொல்லுங்கள், தப்பில்லை. நன்னூலில் மாணவன் கற்கும் விதத்தைக் கணக்குப் போட்டே சொல்லியிருப்பார் பவணந்தி முனிவர். ஆசிரியர் சொல்லிக் கேட்பதில் கால் பங்குதான் வரும், உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்று. பின்னங்கள் சரியா என்று அளக்க முடியாது. ஆனால் எனக்கு அணிகள் உண்மையாகப் புரிந்தது நான் படித்தபோது இல்லை, முதல் வருடம் நடத்தியபோதுதான்.

இனி மொழி. இதை நீங்கள் கேள்வியில் ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் இரண்டு அரியரில் பெரிய பங்கு இதற்கு இருக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது. அணிக்கோவை என்று படித்தது இங்கே டிடெர்மினன்ட். வகைக்கெழு டெரிவேட்டிவ் ஆகிவிட்டது. நிலைமத் திருப்புத்திறன் என்று சரளமாகச் சொன்னவர் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று கேட்டால் ஒரு நொடி விழிக்கிறார். அந்த ஒரு நொடிக்குள் பேராசிரியர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். உங்களுக்குத் தெரிந்த விஷயமே வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்போது அதைப் புதுசு என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் முதலாண்டு படித்தபோது ஒரு மாதம் முழுக்க ‘ஃபங்ஷன்’ என்றால் சார்பு என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தேன். கேட்க வெட்கம். ஒரு சின்ன நோட்டு வாங்கி இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள், வலப்பக்கம் உங்கள் பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கும் தமிழ்ச் சொல். ஒரு பாடத்துக்கு அறுபது எழுபது சொல் சேர்ந்தால் பெரும்பாலான வகுப்பு பிடிபட்டுவிடும். பழைய தமிழ் வழிப் புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், முதல் வருடம் முழுக்க அவை பக்கத்திலேயே இருக்கட்டும். தமிழில் யோசியுங்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள். கணக்கில் எழுத வேண்டிய ஆங்கிலமும் மிகக் குறைவு.

தூக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். இரண்டு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் நான்கரை மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவத்தில் உறுதியாகச் சொல்லப்படுவது, பதினெட்டு வயதுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே தேவைப்படலாம். பகலில் படித்தது மூளையில் கெட்டிப்படுவதில் தூக்கத்துக்குப் பங்கு இருக்கிறது என்பதும் இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். எந்தக் கட்டத் தூக்கம் எந்த வகை நினைவுக்கு என்பதில்தான் இன்னும் விவாதம் நடக்கிறது. நீங்கள் செய்வது, நாற்று நட்டுவிட்டு வேர் பிடிப்பதற்குள் பிடுங்கிப் பார்ப்பது போல இருக்கிறது. மறுநாள் காலை முதல் இரண்டு பீரியடில் கண் சொருகும். அந்த இரண்டு பீரியடில் விட்டதை ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டுவீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு மணி வரை விழிப்பதால் வரும் லாபம் எதுவும் இல்லை. பதினோரு மணிக்கு விடுதி வாசலில் குடிக்கும் டீயையும் விட்டுவிடுங்கள். உடலுக்குள் போன காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடும் குறையும், ஆனால் ராத்திரி டீ யாருக்கும் நல்லதில்லை.

‘காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் ஏறும்’ என்று வீட்டில் சொல்வார்கள். ஒன்பதரைக்குப் படுத்தவருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே கொஞ்சம் தாமதமாக ஓடும், சீக்கிரம் தூக்கம் வராது. பன்னிரண்டுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் ராத்திரி விழித்ததும் அதிகாலை விழித்ததும் ஒன்றுதான். எந்த நேரம் உங்களுக்குத் தெளிவாக இருக்கிறதோ அந்த நேரம் சரி. இதேபோல, ‘நான் பார்த்துக் கற்பவன், நீ கேட்டுக் கற்பவன்’ என்று ஆளை வகை பிரித்துப் படிக்கச் சொல்வதற்குத் தேவையான ஆதாரம் இல்லை என்று 2008இலேயே நான்கு உளவியலாளர்கள் அலசி எழுதிவிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் படித்து ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கும் முறை சிலருக்கு உதவுகிறது, உங்களுக்குப் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த இருபத்தைந்தில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. போன் மேசையில் சும்மா இருந்தாலே கவனம் குறையும் என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு வேறு சிலர் செய்து பார்த்ததில் அது எப்போதும் அப்படி வரவில்லை. அது எப்படியானாலும், போன் சிணுங்கி நீங்கள் கையில் எடுத்தால் அரை மணி நேரம் போகும் என்பது உங்களுக்கே தெரியும். படிக்கும் நேரம் அலமாரியில் பூட்டி, சாவியை நண்பரிடம் கொடுங்கள்.

வாலிபாலுக்குத் திரும்பிப் போங்கள். விளையாடினால் மார்க் கூடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், அந்த அளவுக்கு எனக்கு உறுதி இல்லை. ஆனால் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடி ஆடியவருக்கு ராத்திரி தூக்கம் வருகிறது, மனது லேசாகிறது, மைதானத்தில் நாலு பேர் நண்பர்களாகிறார்கள். விடுதிக்கு வந்த முதல் வருடத்தில் அந்த நாலு பேர் எவ்வளவு பெரிய துணை என்று நான் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் படிப்பை நடுவில் விட்டுப் போனவர்களில் பலர் மார்க் குறைந்தவர்கள் இல்லை, தனியாக இருந்தவர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பேசியிருக்கலாம் என்று எனக்கு இருக்கிறது.

கேட்டரிங் வேலையை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, அதனால் அந்தப் பணம் வீட்டுக்குத்தான் போகிறது என்று புரிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டீர்களா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். வேலையில் ஒன்றை மட்டும் மாற்றலாம். சனிக்கிழமை ரிசப்ஷன் பந்தி முடித்து, மண்டபத்திலேயே இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, விடிகாலையில் முகூர்த்த டிபனுக்கு நிற்பதுதான் உடம்பை முறிக்கிறது, திங்கட்கிழமையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின மூன்று வாரம் வர முடியாது என்று மேஸ்திரியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். எத்தனை மணி நேரம்? வகுப்புள்ள நாளில் இரண்டரை மணி நேரம் போதும் என்பது என் கணிப்பு. இது ஆய்வில் வந்த எண் இல்லை, உங்களைப் போன்ற பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது. வகுப்பு முடிந்து டீ, மைதானம், குளியல். ஆறரையிலிருந்து எட்டு வரை அன்றைய பாடத்தைப் பார்க்காமல் எழுதுவதும் கணக்கும். சாப்பாடு. ஒன்பதிலிருந்து பத்து வரை பழைய பாடம். வாரத்தில் இரண்டு நாள் அந்த ஒரு மணி நேரம் அரியர் பாடங்களுக்கு. பத்தே முக்காலுக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். அறையில் சத்தமாக இருந்தால் நூலகத்துக்கோ காலி வகுப்பறைக்கோ போங்கள். ‘படிக்க வேண்டும்’ என்று பொதுவாகத் தீர்மானித்தால் நடக்காது. ‘குளித்து முடித்ததும் நோட்டோடு நூலகத்தின் இரண்டாவது மேசைக்குப் போவேன்’ என்று ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒருநாள் விட்டுப்போனால் ‘எல்லாம் போச்சு’ என்று மறுநாள் ராத்திரி விழிக்காதீர்கள்.

நான் எழுதியதில் பிடிபடாத காரணங்களும் இருக்கலாம். கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதா என்று பாருங்கள். என் வகுப்பில் இரண்டு பேர் ஒரு செமஸ்டர் முழுக்கக் கண்ணாடி தேவைப்பட்டது தெரியாமலே படித்தார்கள். இரண்டு வாரமாகத் தூக்கமே பிடிக்காமலோ, சாப்பிடத் தோன்றாமலோ, எதற்கு இருக்கிறோம் என்ற நினைப்பு வந்துகொண்டோ இருந்தால் அது படிப்பு முறையால் தீரும் விஷயம் இல்லை, என்னால் பதில் சொல்லக்கூடியதும் இல்லை. அப்போது 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். விடுதியில் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கணக்கு இன்டர்னல் விடைத்தாள்களைத் தேடி எடுங்கள். மார்க் எவ்வளவு என்று பார்க்காமல், ஒவ்வொரு கேள்வியிலும் எந்த வரியில் நின்றுபோனீர்கள் என்று பாருங்கள். முறையே தெரியாமல் நின்றீர்களா, கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் நின்றீர்களா, கூட்டல் கழித்தல் தப்பா என்று பக்கத்தில் பென்சிலில் எழுதுங்கள். அந்தத் தாளோடு உங்கள் கணக்கு ஆசிரியரிடம் மதிய இடைவேளையில் போங்கள். ‘எனக்குக் கணக்கு வரவில்லை’ என்று சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்? ‘சார், இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?’ என்று கேட்டால் உட்கார்ந்து சொல்லித் தருவார்.